ஒல்லி வெளிச்சம்

மூன்றாவது தடவையும் விசையை அழுத்திப் பார்த்தாள் செசிலி. கையிலிருந்த விளக்கு அணைந்துதான் இருந்தது, வெளிச்சம் மட்டும் போகவில்லை. அவள் நீந்தி வந்த வழியெல்லாம் அது நின்றுகொண்டிருந்தது, தோளுக்கு இருபுறமும் அகன்று, கலங்கல் தண்ணீரில் மிதந்த ஒவ்வொரு மண் துகளையும் பற்றிக்கொண்டு, யாரோ கடலுக்குள் பாலை ஊற்றிப் பாதை போட்ட மாதிரி. விளக்கைத் திருப்பிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், உள்ளங்கையால் மூடிப் பார்த்தாள், அந்த வெளிச்சத்துக்குள்ளேயே கையை விட்டுத் துழாவியும் பார்த்தாள். சூடு இல்லை, பிசுக்கு இல்லை, கை மறுபக்கம் வந்தது, வெளிச்சம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஓரா மீன் ஒன்று அதன் விளிம்பில் வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் முள் சிவப்புக்கு இறங்கியிருந்ததால் அவள் மேலே வந்தாள்.

"வெளிச்சம் கீழேயே நின்னுட்டு" என்றாள், வாயிலிருந்து குழாயை எடுத்ததும்.

"எது?" என்றான் வள்ளத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் தொபியாஸ்.

"நேத்து நீங்க வாங்கியாந்த விளக்கோட வெளிச்சம். விளக்கை அணைச்சுட்டேன், அது அணைய மாட்டேங்குது."

தொபியாஸ் விளிம்பில் குனிந்து தண்ணீரைப் பார்த்தான். அடியில் ஏதோ வெள்ளையாக, துவைக்கப் போட்ட வேட்டி மாதிரி, அசையாமல் கிடந்தது.

"பில்லு வச்சிருக்கேன். வாரண்டி உண்டு" என்றான்.

சவேரியார்துறையில் கடலுக்கு அடியில் காட்டுவதற்கு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான்: நிலக்கரி ஏற்றிவந்து, யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு காலத்தில் தரைதட்டிச் சாய்ந்து மூழ்கிப்போன கப்பல். அந்தக் கப்பலை நம்பித்தான் தொபியாஸ் சங்கு குளிப்பதை விட்டுவிட்டு, செசிலியும் அவனுமாக முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கி, கடற்கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, சிலிண்டர்களும் ரப்பர் உடுப்புகளும் வாங்கி, வெளியூர்க்காரர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் கப்பலைக் காட்டி வந்தார்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று வந்தால் தண்ணீர் கலங்கும், காற்று நின்றால் தெளியும், அதுதான் வழக்கம். இந்த வருஷம் காற்று நின்றது, தண்ணீர் தெளியவில்லை. நீட்டிய கையின் விரல் தெரியாத கலங்கல். வந்தவர்கள் கப்பலைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள், பிறகு வராமலே போனார்கள். கொட்டகையில் கம்ப்ரசர் மட்டும் பழைய பழக்கத்தில் ஓடியது. அதற்கு ஒரு கால் குட்டை, அட்டையை மடித்து முட்டுக் கொடுப்பார்கள், அட்டை நைந்து போகும், மரத்துண்டு வைப்பார்கள், மரத்துண்டு தெறித்து ஓடும், ஒரு சிலிண்டர் நிரம்புவதற்குள் அது தடதடவென்று ஆடிக்கொண்டே வாசல்வரை நடந்து வந்துவிடும்.

அப்போதுதான் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கப்பல்களின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற முக்குளி வேலை தொபியாஸுக்குக் கிடைத்தது. திருவிழா முடிந்த மறுநாள் விமானம். பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். வீட்டில் வைத்தால் செசிலி ஒளித்துவிடுவாள் என்று அவன் நினைத்தான், அது சரியாகவும் இருந்தது. போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு முயற்சி என்று, கடையிலேயே பெரிதான, அகலமான, வெள்ளையான அந்த விளக்கை அவன்தான் வாங்கி வந்தான்.

மறுநாள் விடியும்போதே ஊருக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் சங்கு குளிக்கப் போனவர்களின் விளக்குகளும் அதையே செய்தன. முனையிலிருந்து கல்லுமேடு வரையுள்ள தண்ணீரில் சூரியனுடைய வெளிச்சம் வந்து போனது, நிலாவுடையது வந்து போனது, மனிதர் கொளுத்தியது மட்டும் பட்ட இடத்திலேயே தங்கிவிட்டது. ஏன் என்று இரண்டொருவர் கேட்டுப் பார்த்துவிட்டு வலையைப் பிரிக்கப் போனார்கள். தொபியாஸின் அக்கா மெற்றில்டா மத்தியானத்துக்குள் பெட்டிக்கடையில் ஒரு டார்ச் வாங்கி, தான் பாத்திரம் துலக்கும் இடத்தில், முழங்கால் தண்ணீரில், அதை முக்கி ஒரு தடவை கொளுத்தி அணைத்தாள். அதன்பின் அவள் பாத்திரத்துக்கு எப்போதும் வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி அலை ஏறும் இடத்தில் ஒன்று வைத்தாள், அதைப் பார்த்து அதற்கடுத்தவள் இரண்டு வைத்தாள், ஒருத்தியின் வெளிச்சம் இன்னொருத்தியின் பங்குக்குள் நீள்கிறது என்று சண்டை வந்தது, சம்பந்தம் பேச வந்தவர்கள் வீட்டுக்கு எதிரே கடலில் வெளிச்சம் உண்டா என்று விசாரித்தார்கள், மின்சார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து மீட்டர் எங்கே என்று கேட்டு மோர் குடித்துவிட்டுப் போனார், இறால்கள் திருவிழாக் கடை பார்க்க வந்தவை போலக் கூட்டம் கூட்டமாக வந்து நின்றன. அணைக்க முடியாத எதையும் யோசித்துக் கொளுத்துங்கள் என்று பங்குச்சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்; ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், பெண்கள் ஆண்களைப் பார்த்தார்கள்.

ஆனால் அவருடைய சொல்லை விடப் பழையது அந்தத் துறையின் வழக்கம். முக்குளித்தவன் வள்ளத்தில் ஏறுவதற்கு முன்னால், கையிலிருக்கும் விளக்கைக் கடலின் அடியைப் பார்த்துப் பிடித்து, நெட்டாக ஒன்று, குறுக்காக ஒன்று, சிலுவை போட்டுவிட்டுத்தான் ஏறுவான். கடலுக்குக் காட்டுவது என்று அதற்குப் பெயர். விடாமல் காட்டினார்கள். வெளிச்சம் தங்குகிறது என்று தெரிந்த பிறகு கொஞ்சம் கூடுதலாகவே, தங்களுடையது மற்றவனுடையதைவிடப் பெரிதாக இருக்கட்டும் என்று, அகல விளக்குகளாகப் பார்த்து வாங்கிக் காட்டினார்கள். ஒவ்வொரு வள்ளத்துக்கும் கீழே ஒரு சிலுவை, அதன்மேல் நேற்றையது, அதன்மேல் முந்தாநாளையது. வள்ளங்கள் போய்வரும் வாய்க்கால் முழுக்கச் சிலுவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கடைசியில் எதுவும் சிலுவையாகத் தெரியாமல் ஒரே வெள்ளைச் சுவராக நின்றது. செய்தி கேட்டு வெளியூரிலிருந்து வந்த பயணிகள் ஆசை ஆசையாகக் குதித்தார்கள், ஏறிவந்து கண்ணாடியைக் கழற்றினார்கள்.

"என்ன பாத்தீங்க?" என்றாள் செசிலி.

"பால்" என்றார்கள்.

வியாழக்கிழமை ஊர்க்கமிட்டித் தலைவர் வியாகுலம் கோயில் மைக்கில் அறிவித்தார்: சனிக்கிழமை திருவிழாவில், தேர் கிளம்பும் நேரத்தில், கிரிக்கெட் மைதானத்தில் வைக்கிற மாதிரியான பெரிய விளக்குகள் கடலுக்குள் இறக்கப்பட்டு, நிலக்கரிக் கப்பல் முழுவதும் என்றென்றைக்குமாக வெளிச்சமாக்கப்படும், சவேரியார்துறையின் பெயர் உலகமெல்லாம் பேசப்படும்.

செசிலி ஓட்டமாகப் போய் அவரைக் கொடிமரத்தடியில் பிடித்தாள். "தலைவரே, கப்பல் கிட்ட மட்டும்தான் இன்னும் யாரும் எதையும் கொளுத்தல. அன்னைக்கு நானும் அதுவரைக்கும் போகல. அதுலயும் அகல விளக்கை வச்சீங்கன்னா அது சுவராப் போயிரும். அப்புறம் அங்க கப்பல் இருக்குன்னு நாம வாயாலதான் சொல்லணும்."

"வலுவான விளக்கும்மா. சாதாரண விளக்கா?"

"வலு கூடக் கூட மண்ணுதான் தெரியும். ஒல்லியான வெளிச்சம் வேணும். எது சரியாயிருக்கும்னு நான் பாத்து எடுத்தாரேன்."

வியாகுலம் கெட்டவரல்ல, விளக்குகளுக்கு ஏற்கெனவே வாடகை பேசிவிட்ட மனிதர், அவ்வளவுதான். "தேர் கிளம்புறதுக்குள்ள நீ காட்டு" என்றார். "காட்டாட்டா நான் காட்டுதேன்."

அன்றைக்கே செசிலி தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினாள், மடியில் ஒரு பெரிய கேன் நிறையச் சவேரியார்துறைத் தண்ணீர். தொபியாஸும் கூட வந்தான், அவனுக்கு ஒரு சூட்கேஸ் வாங்க வேண்டியிருந்தது. கப்பல் சாமான் விற்கும் மைதீனின் கடையில், கயிறுகளுக்கும் மிதவைகளுக்கும் நடுவே அவள் ஒரு வாளியைக் கேட்டு வாங்கி, கேனைக் கவிழ்த்தாள்.

"இதுல முக்கித்தான் பாப்பேன் பாய். சாதாத் தண்ணியில எல்லா விளக்கும் நல்லாத்தான் இருக்கும்."

"உங்க இஷ்டம் தங்கச்சி" என்றார் மைதீன். முதலில் கடையின் பெருமையை எடுத்தார், தேங்காய் பருமனில் ஒன்று. வாளிக்குள் கொளுத்தினார், அணைத்தார், வாளி முழுக்க வெள்ளையாகி, உள்ளே அவள் போட்டிருந்த சங்கு காணாமல் போனது. வெளிச்சம் போகாததைப் பார்த்த மைதீன் தன் தாடியைத் தடவிக்கொண்டார். "அப்ப ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாளி வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், வாளிகளும், பெயின்ட் டப்பாக்களும், வீட்டிலிருந்து ஒரு பிரியாணி அண்டாவும் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். தண்ணீரைப் பங்கு பிரித்தார்கள். ஒன்றில் நீலம் கலந்த வெள்ளை, ஒன்றில் குடை மாதிரி விரிந்தது, ஒன்றில் நடுவில் திட்டும் சுற்றிலும் வளையமுமாக, ஒன்றில் மங்கலாக அழுக்குத் துணி போல. கடைத்தரை முழுக்க வெளிச்சங்கள் வாளி வாளியாக உட்கார்ந்திருந்தன, நங்கூரம் வாங்க வந்தவர்கள் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

"இது எப்படி? ரெண்டு பேட்டரி. விடிய விடிய நிக்கும்."

"நம்ம தண்ணியில எல்லாமே நிக்கும் பாய். விரியாம இருக்கணும். விரிஞ்சா பக்கத்துல உள்ள மண்ணெல்லாம் பத்திக்கிடுது, தூரத்துல உள்ளது தெரியல."

"மாப்பிள்ளை பாக்குற மாதிரில்லா பாக்கிய."

"மாப்பிள்ளை பாத்ததைவிடக் கவனமாத்தான் பாக்கேன். அது ஒரு சாயங்காலத்துல பாத்து முடிச்சது." தொபியாஸ் சூட்கேஸின் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். "அப்பவும் திருப்பிக் குடுக்க முடியாதுன்னுதான் சொன்னாங்க."

"நான் திருப்பிக் கேக்கலியே" என்றான் தொபியாஸ் சூட்கேஸைப் பார்த்தே.

"போறவன் எதுக்குத் திருப்பிக் கேக்கப்போறான்" என்றாள் அவள்.

மைதீன் இதையெல்லாம் கேட்காதவர்போல ஏணியில் ஏறி, மேல்தட்டில் தூசிக்குள் கிடந்த ஒன்றை எடுத்தார். மெழுகுவத்தி பருமன்கூட இல்லை. குகைக்குள் முக்குளிப்பவர்கள் யாரோ கேட்டுச் சொல்லிவைத்து, பிறகு வாங்க வராமல் போனது. கடைசி டப்பாவில் சாய்வாக முக்கிக் கொளுத்தி அணைத்தார். தண்ணீருக்குள் ஒரு கோடு நின்றது, இளமஞ்சளாக, பின்னல் ஊசி மாதிரி, ஆரம்பித்த பருமனிலேயே முடிந்து. அதன் முனையில் சங்கின் திருகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது, வாயோரத்து ரோஸ் நிறம்கூடத் தெரிந்தது. செசிலி குனிந்தவள் நிமிரவில்லை. தொபியாஸ் சூட்கேஸை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.

"இதுதான்" என்றாள்.

"இதுவா? இது ரொம்ப ஒல்லி தங்கச்சி."

"அதனாலதான் பாய்."

அந்த டப்பாவையும் அப்படியே கேட்டு வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் அவள் மடியில் அது தளும்பாமல் வந்தது, பக்கத்துச் சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, விலை என்ன என்று கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை தனியாகவே இறங்கினாள். மெற்றில்டா வள்ளத்தைப் பிடித்துக்கொண்டாள். தொபியாஸ் கரையில் சூட்கேஸில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். நல்ல வெயிலிலும் கீழே இருட்டாக இருந்தது. செசிலி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, விளக்கைக் கொளுத்தாமல், தடவித் தடவிக் கப்பலின் முகப்பை அடைந்து, மூச்சை அடக்கி, நெற்றிக்கு நேரே விளக்கைப் பிடித்து ஒரே ஒரு தடவை கொளுத்தி அணைத்தாள். கோடு நின்றது. கோடு மட்டும்தான் தெரிந்தது. அவள் கண்ணிலிருந்தே கிளம்பிப் போன மாதிரி, அவளுக்கும் கப்பலுக்கும் நடுவிலுள்ள அத்தனை மண் துகளும் அந்த ஊசியில் கோத்துக்கொண்டு மினுங்கின. கப்பல் அவற்றுக்குப் பின்னால், எப்போதும்போல, இல்லாமல் இருந்தது. அதற்குமேல் அவள் கொளுத்தவில்லை. கொளுத்தினால் அழிக்க முடியாது.

"என்னட்டி, தெரிஞ்சுதா?" என்றாள் மெற்றில்டா.

"இல்ல மைனி."

"அப்ப வியாகுலம் கிரிக்கெட் விளையாடட்டும். நான் தேருக்குச் சேலை தேய்க்கணும்."

கொட்டகையில் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் அந்தப் பெயின்ட் டப்பா இருந்தது. செசிலி ஈர உடுப்போடு அதன் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அதே தண்ணீர், அதே விளக்கு. சங்கு பளிச்சென்று தெரிந்தது. அவள் எழுந்து, கோடு தொடங்கும் இடத்துக்கு நேரே கண்ணை வைத்துப் பார்த்தாள்: மண். திரும்பப் பக்கவாட்டில் வந்து பார்த்தாள்: சங்கு. இந்தப்பக்கம் மண், அந்தப்பக்கம் சங்கு. பைத்தியம் மாதிரி டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள், பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டாள். கடையில் விளக்கைப் பிடித்தது மைதீன். பார்த்தது அவள்.

வீட்டுக்கு ஓடினாள். தொபியாஸ் சூட்கேஸுக்கு நீலக்கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"பிடிக்கிற ஆளு வேற, பாக்கிற ஆளு வேறயா இருக்கணும்" என்றாள் மூச்சு வாங்க. "பக்கவாட்டுல இருந்து வரணும் வெளிச்சம். நான் தள்ளி நின்னு பாத்துச் சொல்லணும், நீங்க நான் சொல்ற இடத்துல பிடிக்கணும். கை ஆடக்கூடாது. ஆடுனா கோடு தடிச்சுரும். ஒரு ஆளால ஆகாது."

"செசிலி."

"உங்க கை ஆடாது. சங்கு குளிச்ச கை."

"நீ என்னை இருக்கச் சொல்லுதியா, வெளிச்சத்தைப் பத்திச் சொல்லுதியா?"

"வெளிச்சத்தைப் பத்தி" என்றாள்.

தொபியாஸ் கயிற்றின் முடிச்சை இறுக்கினான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை உச்சிவெயிலில், கோயிலில் மேளம் தொடங்கியபோது, இரண்டு பேரும் இறங்கினார்கள். சட்டையைக் கழற்றுவதற்கு முன் தொபியாஸ் பாஸ்போர்ட்டை எடுத்துச் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு வள்ளத்தைப் பிடித்திருந்த அக்காவின் சோற்றுத் தூக்கில் போட்டு மூடினான். "மீன் கொழம்பு இருக்குலே அதுல" என்று மெற்றில்டா கத்துவதற்குள் அவன் தலை தண்ணீருக்குள் போய்விட்டது.

இருவர் இடுப்புக்கும் நடுவே ஒரு கயிறு. ஒரு இழுப்பு என்றால் மேலே, இரண்டு என்றால் கீழே, நீளமாக இழுத்துப் பிடித்தால் கொளுத்து. தொபியாஸ் கப்பலின் பக்கமாகத் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டான். செசிலி கயிறு எட்டும்வரை விலகி, கும்மிருட்டுத் தண்ணீரில், மேலே எது கீழே எது என்று தெரியாமல், காதுக்குள் தன் மூச்சு மட்டும் கேட்க, தொங்கினாள். இரண்டு தடவை இழுத்தாள். இன்னும் கீழே. இன்னும் கொஞ்சம். நீளமாக இழுத்தாள்.

கோடு பாய்ந்தது. இரும்பை உரசிக்கொண்டு, அடியிலிருந்து நுனிவரைக்கும், ஒரு தடிக்குச்சிப் பருமனுக்கு மேல் போகாமல், ஒரு நடுக்கம் இல்லாமல். அது தொட்ட இடமெல்லாம் கப்பலாக இருந்தது. ஆணிகள் வரிசையாக எழுந்தன, சிப்பிகள் அடையடையாக எழுந்தன, நங்கூரம் தன் துளையில் மடங்கிக்கிடந்தது, அதன் நிழல் பக்கத்துத் தகட்டில் நங்கூரத்தைவிடப் பெரிதாக விழுந்திருந்தது, நடுவிலிருந்த கலங்கல் முழுக்க இருட்டிலேயே இருந்ததால் எதையும் மறைக்கவில்லை. இத்தனை வருஷமாகத் துண்டு துண்டாகத் தடவித் தெரிந்துவைத்திருந்த கப்பலை செசிலி முதல்தடவையாக முழுதாகப் பார்த்தாள். குழாயைக் கடித்துக்கொண்டே கத்தினாள், குமிழிகள்தான் போயின. கயிற்றைப் படபடவென்று இழுத்தாள், அதற்கு அர்த்தம் எதுவும் வகுத்திருக்கவில்லை, ஆனாலும் மறுமுனையிலிருந்து அதேபோலப் படபடவென்று வந்தது.

அதன்பின் அவர்கள் நிற்கவில்லை. மேல்தட்டின் நீளத்துக்கு ஒன்று, சாய்ந்த புகைக்கூண்டின் தோளில் ஒன்று, சுக்கான் அடியில் ஒன்று, எல்லாம் பக்கவாட்டில், எல்லாம் ஒரே கொளுத்தலில். பிறகு தொபியாஸ் கப்பலின் வயிற்றுக்குள்ளேயே நுழைந்து உள்ளிருந்து வெளியே பார்த்துக் கொளுத்த, வட்ட ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின, உள்ளே யாரோ விளக்கேற்றிச் சாப்பிட உட்கார்ந்த மாதிரி. கடைசி ஜன்னலில் அவனுடைய முகம் தெரிந்தது. கண்ணாடிக்குள் அவன் கண் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணை அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

காற்று முடியும் நேரம் வள்ளத்தின் அடிக்கு வந்தார்கள். தொபியாஸின் கை பழக்கத்தில் தானாக நீண்டது, விளக்கைக் கடலின் அடியைப் பார்த்துப் பிடித்தது, கட்டைவிரல் விசைமேல் போனது. செசிலி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.  பிறகு அவன் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, அணைந்த விளக்காலேயே, நெட்டாக ஒன்று, குறுக்காக ஒன்று, நிதானமாகக் கடலுக்குக் காட்டினான். அவள் பிடித்த பிடியை விடவில்லை.

மேலே, கோயில் பக்கமிருந்து வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. முன்னால் வியாகுலம், பட்டு வேட்டியில், ஜெனரேட்டரும் பெரிய விளக்குகளும் ஏற்றிய படகில். பின்னால் பாதி ஊர்.

"முதல்ல பாருங்க" என்று செசிலி தன் முகக்கண்ணாடியை அவரிடம் நீட்டினாள். "பாத்துட்டு இறக்குங்க."

ஊர்க்கமிட்டித் தலைவர் மாலையைக் கழற்றி ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியை மாட்டி, இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டார். வெகுநேரம் முகத்தை வெளியே எடுக்கவில்லை. பிடித்திருந்தவர்கள் பயந்துபோய்த் தூக்கினார்கள்.

"விடுங்கலே!" என்று மறுபடி முகத்தை உள்ளே விட்டார். பிறகு நிமிர்ந்து, வழியும் தண்ணீரோடு, ஜெனரேட்டர்காரனைப் பார்த்தார். "அதைக் கொண்டுபோய்ப் பந்தல்ல கட்டுலே. நாடகத்துக்கு ஆகும்."

அவ்வளவுதான், சத்தம் எழுந்தது. வள்ளங்களெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சாய்ந்தன, கண்ணாடிகள் கை மாறின, கண்ணாடி கிடைக்காதவர்கள் கண்ணாடி ஜாடியின் அடியைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார்கள், ஜன்னல் தெரியுது ஜன்னல் தெரியுது என்று கத்தினார்கள், கட்டியிருந்த தேர் அசையாமல் காத்திருந்தது, பாடகர் குழுவும் கடலுக்கு வந்துவிட்டது. கடலைத் தனக்குத் தெரியும், அதற்குத் தலையைக் கொடுக்கத் தேவையில்லை என்று ஆயுள்முழுக்கச் சொல்லிவந்த மெற்றில்டா, தேய்த்த சேலையோடு குப்புறப் படுத்துத் தலையைக் கொடுத்தாள். அவள் தண்ணீருக்குள்ளேயே என்னவோ பேசினாள், நிமிர்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"ஏட்டி செசிலி, முன்னால தனியா ஒரு கம்பி நிக்குதே, அது எதுக்கு?"

"அது என் தப்பு மைனி. நேத்தையது."

"நல்லாத்தான் இருக்கு. கெடக்கட்டும்."

செசிலியின் தப்பு என்றே அதற்குப் பெயர் நின்றது. தப்புக்குக் கிழக்கே நங்கூரம் போடு, தப்பைத் தாண்டினால் பாறை என்று பேசலானார்கள். அன்று மாலையே கமிட்டியில் தீர்மானம் ஆயிற்று: கப்பல் பக்கம் யாரும் எதையும் கொளுத்தக் கூடாது, கடலுக்குக் காட்டுவது இனி அணைந்த விளக்கால். அப்படிக் காட்டுவதில் ஒரு சௌகரியம் இருப்பதையும் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். யாருடைய சிலுவை பெரிது என்று சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிவதற்குள் கொட்டகை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தூத்துக்குடியிலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் வந்தவர்கள், கையில் துண்டோடு, எப்போது எப்போது என்று கேட்டுக்கொண்டு. வீட்டு வாசற்படியில், அன்றைய விமானத்துக்காக, நீலக்கயிறு கட்டிய சூட்கேஸ் நின்றது. மெற்றில்டா துடைத்துக் கொடுத்த பாஸ்போர்ட் தொபியாஸின் சட்டைப்பையில் இருந்தது, லேசாக மீன் குழம்பு வாசத்தோடு. அவன் கம்ப்ரசரைக் கிளப்பினான். செசிலி சிலிண்டர்களை உருட்டிக்கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினாள்.

"எத்தனை பேருக்கு?" என்றான்.

"நீங்க நிரப்புங்க. நான் சொல்லுதேன்."

கம்ப்ரசர் தடதடவென்று ஆடி, குட்டைக்கால் அடியிலிருந்த அட்டையை நொறுக்கித் துப்பிவிட்டு, வாசலைப் பார்த்து நகர ஆரம்பித்தது. தொபியாஸ் ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தரையில் துழாவினான், மரத்துண்டு அகப்படவில்லை, செருப்பு அகப்படவில்லை. சட்டைப்பைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையோடு எடுத்து, இரண்டு தட்டுத் தட்டிக் குட்டைக்காலின் அடியில் செருகினான். கம்ப்ரசர் ஒரே சீராக ஓடத் தொடங்கியது. செசிலி அடுத்த சிலிண்டரை அவன் பக்கம் நகர்த்தினாள்.